கண்ட்ரோலை அழுத்தி ஒரு சொட்டு மஞ்சள்

கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் ஒரு வேலை உண்டு. அச்சகத்திலோ டிடிபி கடையிலோ இருந்தவர்களுக்குத் தெரியும். திரையின் வலது ஓரத்தில் நிறக் கட்டங்கள் மேலிருந்து கீழாக வரிசையாக நிற்கும். வரைந்த உருவத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டத்தை மவுஸின் இடது பொத்தானால் சொடுக்கினால் உள்ளே நிறம் நிரம்பும். வலது பொத்தானால் சொடுக்கினால் கோட்டுக்கு நிறம் ஏறும். இவ்வளவும் வகுப்பில் சொல்லித் தருவார்கள். சொல்லித் தராதது இன்னொன்று. ஏற்கெனவே நிறம் ஏறிய உருவத்தைப் பிடித்து, கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி வேறொரு கட்டத்தைச் சொடுக்கினால் பழைய நிறம் போய்விடாது. புது நிறம் பத்து சதவீதம் அதற்குள் இறங்கிக் கலக்கும். மறுபடி சொடுக்கினால் மறுபடி கொஞ்சம். குங்குமச் சிவப்பில் மஞ்சள் இப்படி இறங்க இறங்க அது செம்பருத்தியாகி, கனகாம்பரமாகி, கடைசியில் சாமந்திப் பக்கம் போய் நிற்கும்.

1989இல் கனடாவின் ஒட்டாவா நகரிலிருந்து வெளிவந்த மென்பொருள் கோரல்டிரா. இந்த வசதியைச் சேர்த்தவர் யாரானாலும், பெயிண்டைக் கையால் கலந்து பழகியவராகத்தான் இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். எங்கள் கடையில் அது புத்தகம் பார்த்து வந்ததில்லை. பக்கத்துக் கடைப் பையன் ஒருவன் செய்வதைப் பார்த்து வந்தது. வந்த நாளிலிருந்து எங்களுக்கு வேறு வழியில் நிறம் கலக்கத் தோன்றவில்லை.

இப்போது சென்னையில் இருக்கிறேன். கைபேசிச் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கும் வேலை. இங்கே நிறம் என்பது ஆறு எழுத்துக் குறி. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஒளிகள், ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். இத்தனை இருந்தும் ஒரு நிறுவனத்துக்கு நாங்கள் புழங்குவது பத்தோ பன்னிரண்டோதான். அவற்றையும் யாரோ எப்போதோ முடிவுசெய்து பட்டியலில் போட்டுவிட்டார்கள். நான் எடுத்து வைக்கிறேன். நாகர்கோவிலில் நாங்கள் நிறத்தை எடுத்து வைத்ததில்லை, நடந்து போய்ச் சேர்ந்தோம். பெரும்பாலும் யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று வழி சொல்லிக்கொண்டு வருவார்.

கடை மணிமேடைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் இருந்தது. தொண்ணூறுகளின் பின்பாதி. கம்ப்யூட்டர் இரண்டு, உள்ளறையில் ஸ்கிரீன் பிரிண்டிங் மேசை, வாசலோரம் வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. கல்யாணக் கார்டு, புதுவீட்டுப் பால்காய்ப்பு நோட்டீஸ், அம்மன் கோவில் கொடைவிழாவுக்கு அழைப்பு, கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா சமயத்து வாழ்த்துப் போஸ்டர், நினைவஞ்சலி. பெரிய எண்ணிக்கை என்றால் சிவகாசிக்குப் போய்விடும். ஐந்நூறு, ஆயிரம் என்றால் எங்களிடம் வரும்.

கடைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் கம்ப்யூட்டருக்கு வருமுன் போர்டு எழுதியவர். வாடகை சைக்கிள் கடை முதல் ரைஸ் மில் வரை, வடசேரியிலும் பார்வதிபுரத்திலும் அவர் கையெழுத்து பட்ட பலகைகள் நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் தொங்கிக்கொண்டிருந்தன. எனாமல் டின் ஐந்தாறு இருந்தால் போதும், மிச்சத்தை அவரே கலந்துகொள்வார். கலப்பது தேங்காய்ச் சிரட்டையில். சிரட்டைக்குக் காசு கிடையாது. பெயிண்ட் காய்ந்து ஒட்டிப்போனால் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். வெளுத்த நிறத்தை முதலில் ஊற்றி, கருத்த நிறத்தைத் துளித்துளியாக விட வேண்டும் என்பது அவர் தொழிலின் முதல் பாடம். மஞ்சளில் ஒரு துளி நீலம் விட்டாலே பச்சை பிறந்துவிடும். நீலத்தை மஞ்சளாக்கப் போனால் டின் டின்னாக மஞ்சள் கரையும், நீலம் அசையாது. மென்பொருளில் எதுவும் வீணாவதில்லை என்று தெரிந்தும் அண்ணாச்சி திரையில் எப்போதும் வெளுத்ததிலிருந்தே தொடங்கச் சொல்வார்.

“மக்களே, இது செத்துக் கெடக்கு. கொறச்சு மஞ்சள் விடு.”

“விட்டாச்சு அண்ணாச்சி.”

“இன்னொண்ணு.”

“இந்தா.”

“கூடிப்போச்சு. ஒண்ணு பின்னால போ.”

இதுதான் நாள் முழுக்க எங்கள் பேச்சு. பின்னால் போவது என்றால் கண்ட்ரோல் இசட். சிரட்டையில் அவருக்குக் கிடைக்காத வசதி அது ஒன்றுதான் என்பார், அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி இருக்கும். ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடிவது எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்குத்தான் தெரியும்.

1978இல் ஆல்வி ரே ஸ்மித் என்பவர் கம்ப்யூட்டரில் நிறத்தைத் தேர்வதற்கு ஒரு முறையை எழுதி வெளியிட்டார். சிவப்பு எத்தனை, பச்சை எத்தனை என்று கணக்குப் போடாமல், எந்த நிறம், எவ்வளவு செறிவு, எவ்வளவு வெளிச்சம் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்பது. இன்று எந்த வடிவமைப்பு மென்பொருளைத் திறந்தாலும் அந்த மூன்று ஸ்லைடர்கள் இருக்கும். எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்கள் அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் இல்லை. ஆனால் “கண்ணைக் குத்துது, கொஞ்சம் அடங்கட்டு” என்றால் செறிவைக் குறைக்கச் சொல்கிறார்கள். “இருண்டு கெடக்கு, தெளியட்டு” என்றால் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். “நல்லாத்தான் இருக்கு, ஆனா செவப்புப் பக்கம் ஓடுது” என்றால் நிறச் சக்கரத்தில் கோணத்தைத் திருப்ப வேண்டும். கேட்பது அத்தனை துல்லியமாக இருக்கும். நான் கேட்டதைச் செய்தால் போதும்.

அடையாளம் சொல்வதற்கும் அவர்களிடம் குறைவில்லை. எங்கள் பக்கம் வாழைப்பழக் கடையே ஒரு பேலட். கார்டுக்கு மஞ்சள் வேண்டும் என்றால் மட்டியா, ஏத்தனா, பாளையங்கோட்டானா என்று கேட்டுக்கொள்வோம். மட்டியின் மஞ்சள் வெளிறியது, உள்ளே ஒரு பச்சை இழை ஓடும். ஏத்தன் பழுத்தால் ஆரஞ்சுப் பக்கம் சாயும். மெரூன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், செந்துளுவன் தோல் என்பார்கள், எனக்கு உடனே கை போகும். சிவப்பில் கறுப்பைக் கலக்காமல் கொஞ்சம் நீலமும் மஞ்சளும் கலந்தால்தான் அந்தத் தோல் வரும். கறுப்பைக் கலந்தால் அழுக்காகிவிடும். 2023இல் கன்னியாகுமரி மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைச் சென்னையில் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ருசியில்லை, அந்த மஞ்சள்.

மகள் கல்யாணத்துக்கு கார்டு அடிக்க வந்த ஒரு அம்மா, முகூர்த்தப் பட்டின் ரவிக்கைத் துண்டைப் பையிலிருந்து எடுத்தார். மயில் கழுத்து. நெடுக்கில் ஒரு நிற நூல், குறுக்கில் இன்னொரு நிற நூல். அசைத்தால் நீலம், சாய்த்தால் பச்சை. “இதே நெறம் வரணும் பிள்ளே” என்றார். எந்த எண்ணுக்குள்ளும் அது அடங்காது. ஒரு நிறத்துக்குள் இரண்டு இருக்கின்றன, எது தெரியும் என்பதைப் பார்க்கிறவர் நிற்கிற இடம் முடிவுசெய்கிறது. அண்ணாச்சி துணியை வாங்கி மடித்து, மடிப்பின் உள்பக்கத்தைக் காட்டினார். “நெழலுக்குப் போனா எது நிக்குதோ, அதுதான் இதுக்க அடிநெறம். அதப் பிடி.” ஆழ்ந்த நீலத்தில் பச்சையை மூன்று முறை இறக்கினோம். அந்த அம்மா திரையைப் பார்க்கவில்லை, பிரிண்ட் அவுட்டை வாங்கிக்கொண்டு துணியோடு வாசலுக்குப் போனார்.

வாசலுக்குப் போவதுதான் வழக்கம். உள்ளே டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நிறங்கள் வெயிலில் வேறு வேறாகத் தெரியலாம். மைக்கும் சாயத்துக்கும் ஒளியைத் தின்னும் விதம் வேறு, விளக்குக்கும் சூரியனுக்கும் ஒளியின் சேர்மானம் வேறு. மெட்டாமெரிசம் என்று இதற்குப் பெயர் இருப்பதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்து புடைத்த மானிட்டர்கள் வேறு நம்ப முடியாதவை. அவற்றின் வெள்ளை பெரும்பாலும் 9,300 கெல்வினில் வைக்கப்பட்டிருக்கும். நீலம் ஓடிய வெள்ளை. அச்சுத் துறையில் நிறம் பார்க்க வைத்திருக்கும் அளவு 5,000 கெல்வின். எங்களிடம் அந்த விளக்கு இல்லை, வாசல் இருந்தது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே மழை தருகிற மாவட்டம் எங்களுடையது. ஆண்டில் பல மாதங்கள் மேகம் வெயிலை வடிகட்டித் தந்துகொண்டே இருக்கும். நிழல் விழாத, சூடில்லாத, ஒரே சீரான ஒளி. நிறம் பார்க்க அதைவிட நல்ல ஒளியை நான் எங்கும் கண்டதில்லை. சென்னையின் வெயில் நிறத்தை வெளுத்துவிடுகிறது.

அண்ணாச்சியிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. கணக்குப்பிள்ளைகள் வைத்திருப்பதுபோல் சிவப்பு பைண்டிங் போட்டது. புதிதாகக் கலந்த நிறம் ஒவ்வொன்றையும் அதில் விரலால் ஒரு தீற்றுத் தீற்றுவார். பக்கத்தில் எண்கள், யாருக்கு, எந்த வேலைக்கு. இன்னார் வீட்டுப் பால்காய்ப்புப் பச்சை. இன்ன ஊர்க் கொடைச் சிவப்பு. ஒரு ஊர்க் கொடைக்கு ஒரு வருடம் அடித்த சிவப்பே அடுத்த வருடமும் வர வேண்டும், மாறினால் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். காவியிலேயே கோவில் மதில் காவி தனிப் பக்கம், வேட்டிக் காவி தனிப் பக்கம். விண்டோஸில் நிறம் தேரும் பெட்டியில் சொந்த நிறங்களைச் சேமித்து வைக்க 16 கட்டங்கள் தருவார்கள். பதினேழாவது நிறம் வந்தால் பழையதில் ஒன்று அழிய வேண்டும். அந்த நோட்டில் எதுவும் அழியவில்லை. வருடம் போகப் போகத் தீற்றுகள் கொஞ்சம் மங்கின, அவ்வளவுதான்.

எங்களுக்குப் பிடிபடாமல் நின்றது பச்சை. எங்கள் நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், விளையும். நாற்றங்காலில் முளைத்து விரல் நீளம் வளர்ந்த நாற்றுக்கு ஒரு பச்சை உண்டு. வெளிச்சம் மேலே விழுந்து தெரிகிற பச்சை மாதிரி இருக்காது, உள்ளேயிருந்து எரிவதுபோல் இருக்கும். உரக்கடைக்காரர் ஒருவர் நாட்காட்டிக்கு அந்தப் பச்சை கேட்டார். திரையில் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. தாளில் எடுத்தால் வாடிய கீரை. அண்ணாச்சியும் நானும் அச்சு மைகளில் சியான் என்ற நீலத்தைக் குறைத்தோம், மஞ்சளை நூறுக்கு ஏற்றினோம், மஜந்தா என்ற இளஞ்சிவப்பைச் சுத்தமாக எடுத்தோம். நகரவில்லை.

காரணம் எளிது. திரை ஒளியைக் கூட்டுகிறது, மை ஒளியைத் தின்கிறது. பச்சை வேண்டுமென்றால் சியானும் மஞ்சளும் சேர்ந்து பச்சை ஒளியை மட்டும் மிச்சம் வைக்க வேண்டும். ஆனால் அச்சில் புழங்கும் சியான் மை சிவப்பு ஒளியோடு பச்சையிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது. அதனால் நான்கு மை அச்சு எட்டவே முடியாத பச்சைகள் நிறைய. அவற்றில் ஒன்றில்தான் எங்கள் நாற்றங்கால் நிற்கிறது.

அண்ணாச்சி அன்று கம்ப்யூட்டரை விட்டு எழுந்து உள்ளறைக்குப் போனார். கண்ணாடிப் பலகையில் எலுமிச்சை மஞ்சள் ஸ்கிரீன் மையை எடுத்து வைத்து, பச்சை மையைக் கத்தி நுனியில் தொட்டுத் தொட்டு இழைத்தார். நான்கு நிறங்களைப் புள்ளிகளாக அடித்துக் கலக்காமல், ஒரே மையாகக் கலந்து ஒரே தடவை அடிப்பது. புள்ளி அச்சு தர முடியாத துலக்கம் அப்படிக் கலந்த மையில் கிடைக்கும். உரக்கடைக்காரர் பார்த்துவிட்டு, “நட்டு பத்து நாள் ஆனது இது. நான் சொன்னது பறிக்கதுக்கு முந்தினது” என்றார். இன்னும் கொஞ்சம் மஞ்சள் சேர்ந்தது. அந்த வருட நாட்காட்டியின் தலைப்பு மட்டும் அந்தப் பச்சையில் அடித்தோம். நான் செய்த வேலைகளில் எதையாவது திரும்பக் கையில் பிடிக்க முடியுமென்றால் அதைத்தான் கேட்பேன்.

கறுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் கறுப்பு மை நூறு என்று போட்டுவிட்டால் கறுப்பு வந்துவிடும் என்று நினைப்பார்கள். பெரிய இடத்தில் அடித்தால் அது சாம்பலாகத்தான் தெரியும். சியான் 60, மஜந்தா 40, மஞ்சள் 40 என்று அடியில் கொடுத்து, மேலே கறுப்பு நூறு போட்டால் ஆழம் வரும். ரிச் பிளாக் என்பார்கள். எனக்கு அதைப் புரியவைக்க அண்ணாச்சி சொன்ன உதாரணம் தக்கலை பக்கத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைத் தரை. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லோரும் உல்லாசப் பயணம் போய் அந்தத் தரையில் முகம் பார்த்திருப்போம். சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்று அங்கே சொல்வார்கள். “வெறும் கரியப் பூசினா அந்தக் கறுப்பு வருமா? அடியில என்னெல்லாம் கெடக்கு பாரு” என்பார். சிரட்டையில் நிறம் கலந்த மனிதருக்குச் சிரட்டையே நிறமாகிக் கிடக்கும் அந்தத் தரைமேல் தனிப் பிரியம்.

அதே அரண்மனையின் மேல்மாடத்தில் சுவரோவியங்கள் இருக்கின்றன. கேரளச் சுவரோவிய மரபு ஐந்து நிறங்களில் நிற்பது. செம்புரைக்கல்லிலிருந்து சிவப்பும் மஞ்சளும், எண்ணெய் விளக்குப் புகைக்கரியிலிருந்து கறுப்பு, நீலஅமரி இலைச்சாற்றோடு இரவிக்கரா என்ற மரப்பிசின் மஞ்சளைக் கலந்து பச்சை. ஐந்தாவதான வெள்ளைக்குப் பெரும்பாலும் தனிச்சாயம் தேவைப்படாது. சுண்ணாம்புச் சுவரையே வெள்ளையாக விட்டுவிடுவார்கள். கோரல்டிராவில் வெள்ளை வேண்டுமென்றால் நான்கு மைக்கும் பூஜ்யம் போடுகிறோமே, தாள்தான் வெள்ளை. அதேதான். திருநந்திக்கரைக் குகைக்கோவிலில் இன்று சுவரோவியத்தின் தடம்தான் மிச்சம், அங்கும் கோடுகள் கரைந்தபின் நிற்பது அந்த வெண்சுவர்தான்.

அந்தத் தாளின் வெள்ளைக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு சம்பந்தம் இருப்பது வேலையை விட்டு வந்தபிறகுதான் தெரிந்தது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் கறுப்பு. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இந்தக் கரையின் மணலில் மோனசைட்டைக் கண்டார். அப்போது தேவைப்பட்டது அதிலிருந்த தோரியம், கேஸ் விளக்கின் மேண்டிலுக்கு. அந்த மணலைக் கறுப்பாக்குவது இல்மனைட். அதிலிருக்கும் டைட்டானியத்தைப் பிரித்து ஆக்ஸைடாக்கினால் பளீரென்ற வெள்ளை கிடைக்கிறது. முதல் உலகப்போர்க் காலத்தில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் அதைத் தொழிற்சாலையில் தயாரிக்கத் தொடங்கினார்கள். அதுவரை வெள்ளைக்கு நஞ்சான ஈயவெள்ளையையும் துத்தநாக வெள்ளையையும் நம்பியிருந்தார்கள். டைட்டானியம் டை ஆக்ஸைடு ஒளியை வைரத்தைவிட அதிகமாக வளைத்துச் சிதறடிக்கிறது. மெல்லிய பூச்சே அடியிலுள்ள எதையும் மறைத்துவிடும். எனாமல் டின்னில், ஸ்கிரீன் மையில், கார்டின் வழவழப்புப் பூச்சில், எல்லாவற்றிலும் இருப்பது அது. 1946இல் திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்டது இந்தக் கரைகளின் கரிமணலை நம்பித்தான். மணவாளக்குறிச்சியில் ஐஆர்இஎல் என்ற மத்திய அரசு நிறுவனம் இன்றும் மணலைப் பிரிக்கிறது. மணல் அள்ளுவதை எதிர்த்துக் கரையோர ஊர்க்காரர்கள் இன்றும் குரல் கொடுக்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் என் மனம் நிற்கிறது. அண்ணாச்சி சிரட்டையில் முதலில் ஊற்றும் வெள்ளை, முப்பது கிலோமீட்டருக்குள் கிடக்கும் கறுப்பு மணலின் பேரப்பிள்ளை என்று அவரிடம் சொல்லியிருந்தால் எவ்வளவு நேரம் பேசியிருப்பார்!

நிறம் பக்கத்து நிறத்தைப் பொறுத்தது என்பதை நான் மென்பொருளுக்கு முன்பே தோவாளையில் பார்த்திருக்கிறேன். அங்கே மாணிக்கமாலை கட்டுவார்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை. மூன்றே நிறம். இதழையும் இலையையும் மடித்து நாரில் வைத்துப் பாய் முடைவதுபோல் தட்டையாகக் கட்டுவார்கள். 2025இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நொச்சிக்கு அடுத்து நிற்கும் அரளி ஒரு சிவப்பு, வெள்ளைக்கு அடுத்து நிற்கும் அதே அரளி இன்னொரு சிவப்பு. செவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1839இல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். கார்டில் ஒரு நிறம் சரியாக வராவிட்டால் அண்ணாச்சி அந்த நிறத்தைத் தொடாமல் அதற்குப் பக்கத்து நிறத்தை மாற்றச் சொல்வார். பாதி நேரம் அதிலேயே தீர்ந்துவிடும்.

பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. போர்டு எழுதுகிறவர்கள் வேலை ஒன்றிரண்டு வருடத்தில் போயிற்று, கல்யாணக் கார்டுகளைப் புத்தகத்தில் பார்த்து எண் சொல்லி வாங்கத் தொடங்கினார்கள். துணித்துண்டோடு யாரும் வரவில்லை. ஃப்ளெக்ஸ் கேட்டவர்கள் நிறத்தைப் பற்றிக் கேட்டது ஒன்றே ஒன்று: பளிச்சென்று இருக்குமா? நான் சென்னைக்கு வந்தேன். சில வருடம் கழித்துக் கடையை மூடினார்கள். நீள நோட்டு பழைய பேப்பரோடு போய்விட்டது.

இங்கே நான் செய்யும் வேலையைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது நாலரை மடங்கு இருக்க வேண்டும் என்று இணைய அணுகல் விதி சொல்கிறது. பார்வை மங்கியவர்களுக்காக வந்த விதி, அதை நான் ஒருபோதும் மீறியதில்லை. அண்ணாச்சிக்கும் அது பிடித்திருக்கும். போர்டு ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்பவர் அவர். ஆனால் நிறம் சொந்தமில்லாமல் போனது எனக்கு ஆறவில்லை. 1963 முதல் அச்சுலகம் பாண்டோன் என்ற நிறுவனத்தின் நிற எண்களை நம்பி வந்திருக்கிறது. 2022இன் கடைசியில் அடோபியின் மென்பொருள்களில் அந்த நிறத்தொகுப்புகளுக்குத் தனிச் சந்தா என்றானபோது, பழைய கோப்புகளைத் திறந்தவர்களுக்கு அந்த நிறங்கள் இருந்த இடமெல்லாம் கறுப்பாகத் தெரிந்தது. வருடக்கணக்காகத் தாங்கள் புழங்கிய நிறம் வாடகைக்கு வந்தது என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. எங்கள் கொடைச் சிவப்புக்கு யாரும் வாடகை கேட்க முடியாது.

அதனால் எனக்கென்று ஒரு பேலட் சேர்த்துவருகிறேன். எந்த வேலைக்கும் இல்லை. மட்டி, செந்துளுவன், முட்டத்துச் செம்மண், அரண்மனைத் தரை, நொச்சி, கரிமணல். அக்காவிடம் மட்டிப்பழத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். படத்தில் சொட்டுக்குழாயை வைத்து நிறத்தை எடுத்தால், காலையில் எடுத்த படத்தில் ஒரு எண், சமையலறை விளக்கில் வேறு எண், திண்ணையில் இன்னொன்று. கைபேசிக் கேமரா தானாகவே வெள்ளையைச் சரிசெய்கிறேன் என்று மஞ்சளை நகர்த்திவிடுகிறது. மூன்று மஞ்சளையும் அவளுக்கு அனுப்பி, எது நம்ம மட்டி என்று கேட்டேன்.

“ரெண்டாவது கிட்ட வருது. ஆனா பச்சை பத்தாது” என்றாள்.

இறக்கி அனுப்பினேன்.

“கூடிட்டு.”

திரும்ப அனுப்பினேன். அம்மா அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துவிட்டு, இவள் வாங்கி வந்தது சந்தைப் பழம், வீட்டுப் பின்னால் நிற்கிற மட்டி இந்த நிறமே இல்லை என்றாள். அன்றைக்கு அரைமணி நேரத்துக்குமேல் மூவரும் ஒரு மஞ்சளைப் பற்றிப் பேசினோம்.

நாற்றுப்பச்சைக்கான கட்டம் மட்டும் காலி. கைபேசியில் அதைப் பிடிக்க முடியாது, திரையில் பார்த்துத் தீர்மானிக்கவும் முடியாது. அலுவலகத்தில் கும்பப்பூ நாற்றுப் பறிக்கும் நாட்களுக்கு விடுப்பு கேட்டிருக்கிறேன். ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிற ஒருவரை இங்கே கண்டுபிடித்து, எலுமிச்சை மஞ்சளில் பச்சையைப் படிப்படியாக ஏற்றி ஒரு கட்டுத் தாள் அடித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் பின்னாலும் எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு என்று எழுதியிருக்கிறது. தேரூர்ப் பக்கம் எங்கள் உறவினர் ஒருவர் இன்னும் வயல் வைத்திருக்கிறார். அவர் வரப்பில் நின்று தாளை ஒவ்வொன்றாக நாற்றுக்குப் பக்கத்தில் பிடிப்பார். கூடுதலா குறைவா என்று அவர் சொல்லட்டும்.